முதுமைக்கு ஒரு காப்பு: மருத்துவக் காப்பீட்டு அட்டையும் நம் பகுதி முதியோரும்

முதுமை எல்லார்க்கும் வருவது. ஆயினும் எல்லார்க்கும் ஒன்றுபோல் வருவதில்லை. அரசுப் பணியில் இருந்தவர்க்கு ஓய்வூதியம் உண்டு. நிலமும் வீடும் தேடி வைத்தவர்க்கு அவை துணையாகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்நாள் முழுதும் உழைத்து ஓய்ந்தவர்களுள் மிகப் பலர் இவ்விரு வகையிலும் சேராதவர்கள். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் கைத்தறி நெய்தவர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரைச்சலில் செவி மங்கியவர். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோத்துக் கண் தளர்ந்தவர். ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளின் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு உரித்தவர். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கூலிக்கு உழைத்தவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வடநாடு சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டி மீண்டவர். இவர்களுக்கு நோய் வந்தால் கை செல்லும் இடங்கள் இரண்டே: மகனுடைய பை, அல்லது வட்டிக்கடை.

மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அதுவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதன் பெயரைக் கேளாதார் நம் ஊர்களில் இல்லை எனலாம். ஆயினும் அத்திட்டத்தின் பயன் முதியோரைச் சென்றடையும் வழியில் சில முடிச்சுகள் உள்ளன. பணம் இல்லாமையால் விழுந்த முடிச்சுகள் அல்ல அவை, தாள்களால் விழுந்தவை. அவற்றை அவிழ்க்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பட்டம் பெறப் போகும் மாணவர் ஒருவர் ஓர் அரை நாள் உடன் நின்றால் அவிழக்கூடியவை அவற்றுட் பல என்பது நம் கருத்து.

காப்பீடு என்றால் என்ன?

பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்து, அவருள் எவர்க்கு இடர் வருகிறதோ அவர்க்கு எடுத்துக் கொடுப்பதே காப்பீடு. நம் பெண்டிர் நடத்தும் ஏலச்சீட்டு இதற்கு ஒருவகையில் உறவுதான். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டில் போட்ட தொகை எப்படியும் திரும்பி வரும். காப்பீட்டில் நோயுறாதவன் செலுத்தியது நோயுற்றவனுக்குப் போய்விடும். அவ்வாறு போய்விடுவதே அதன் அறம்.

தனியார் காப்பீட்டில் முதியோர்க்கு இடம் குறுகியது. வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். 65 வயதைக் கடந்தவர் புதிதாகக் காப்பீடு எடுப்பதற்கிருந்த தடையை ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் 1 முதல் நீக்கிவிட்டது உண்மையே. தடை நீங்கியது; விலை நீங்கவில்லை. கூலி வேலை செய்து ஓய்ந்த ஒரு மூதாட்டியால் செலுத்த இயலும் தொகையன்று அது. ஆகவே அரசே கட்டணம் செலுத்தி ஏற்கும் காப்பீடு ஒன்றே அவர்க்கு உரியதாகிறது.

நெடுநாள் வளர்ந்த உரிமை

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டு முதல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவுக்கு ஓரளவு உதவும் இத்தொகை அறுவை மருத்துவத்துக்கு எவ்வாற்றானும் போதாது. மருத்துவத்துக்கென்று வந்த முயற்சிகளுள் நம் பகுதி நெசவாளர் நினைவில் நிற்பது 2005-06ஆம் ஆண்டில் வந்த கைத்தறி நெசவாளர் மருத்துவக் காப்பீடு. அதன் ஆண்டு வரம்பு 15,000 ரூபாய். நெசவாளி, அவர்தம் துணைவர், இரு பிள்ளைகள் என அதன் குடும்பம் நால்வரோடு நின்றது. தறி நெய்யக் கற்றுக் கொடுத்த தந்தையும் பாவு ஓட்டிய தாயும் அக்கணக்கில் வரவில்லை. குடும்பம் என்ற சொல்லுக்கு அரசு என்ன பொருள் கொள்கிறது என்பதிலேயே முதியோரின் நிலை அடங்கியிருக்கிறது. இக்கருத்தை நாம் பின்னும் காண்போம்.

2009 ஜூலை 23 அன்று உயிர்காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவம் என்பது அக்காலத்தில் பெரிய செய்தி. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரி 11 அன்று அது விரிவுபெற்று, இன்றைய பெயரோடு மீண்டும் வந்தது. 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதன்பின் ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் என வரம்பு உயர்ந்தது. 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக்கப்பட்டது. அவ்வாண்டில் ஒரு குடும்பத்துக்கு 849 ரூபாய் கட்டணத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்த உடன்பட்டது. பயனாளி செலுத்துவது ஒன்றுமில்லை. ஆட்சிகள் மாறியும் இத்திட்டம் அறுபடாமல் வந்தது நம் மாநில அரசியலில் அரிதாகக் காணும் நற்காட்சிகளுள் ஒன்று.

வருமான வரம்பு உயர்ந்ததன் பொருளை மாணவர் கருத்தில் கொள்ள வேண்டும். மாதம் 6,000 என்றிருந்தது 10,000 ஆயிற்று. 2022-க்கு முன் “உங்கள் வருமானம் கூடுதல்” என்று திருப்பி அனுப்பப்பெற்ற முதியோர் பலர் அச்சொல்லையே இறுதியென எண்ணி இன்றும் இருந்துவிடுகின்றனர். அவர்களிடம் போய், “தாத்தா, மறுபடி ஒரு முறை போய்ப் பார்ப்போம்” என்று சொல்வதே ஓர் உதவி.

குடும்ப அட்டை என்னும் தலைவாசல்

இத்திட்டத்தில் குடும்பம் என்பது யார் யார்? தகுதியுடையவர், அவருடைய துணைவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர். இவருள் ஒருவருடைய பெயர் குடும்ப அட்டையில் இருந்தால் அவர் அக்குடும்பத்தவர் என்றே கொள்ளப்படும். நெசவாளர் காப்பீட்டில் விடுபட்ட தாய் தந்தையர் இங்கே உள்ளே வந்துவிட்டனர். ஆனால் வாசல் ஒன்றே. அது நியாயவிலைக் கடைக்கு நாம் கொண்டு செல்லும் அந்தக் குடும்ப அட்டை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் என்று நாம் கருதியிருக்கும் அட்டையே இருதய அறுவைக்கும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும் வழிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கணவரை இழந்த 68 வயது மூதாட்டி ஒருவர் சங்ககிரிக்கு அருகில் வாழ்கிறார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் திருப்பூரில் பணி செய்கிறார். மாதம் 25,000 ரூபாய் ஊதியம். இளையவர் உள்ளூரில் விசைத்தறிக் கூலி. மூதாட்டி உண்பதும் உறங்குவதும் இளையவர் வீட்டில். ஆனால் அவருடைய பெயரோ மூத்தவர் குடும்ப அட்டையில் உள்ளது. கணவர் இருந்த காலத்தில் அங்கே சேர்க்கப்பட்டது, பின்பு எவரும் மாற்றவில்லை. இப்போது அவருக்குக் காப்பீடு கேட்டால் மூத்தவரின் வருமானமே முன்வந்து நிற்கும், வரம்பு கடந்துவிடும். அவர் பெயரை மூத்தவர் அட்டையிலிருந்து நீக்கி இளையவர் அட்டையில் சேர்த்துவிட்டால், அவர் உண்மையில் யாரோடு வாழ்கிறாரோ அவரோடு சட்டத்தின் கண்ணிலும் வாழ்பவர் ஆகிறார். இதில் ஏமாற்று ஏதுமில்லை. உள்ளதை உள்ளபடி தாளில் ஏற்றுவதே இது.

ஆயினும் இங்கே மாணவர் விழிப்பாய் இருத்தல் வேண்டும். வசதியுள்ள மகனோடு வாழும் தாயை, காப்பீட்டுக்காக ஏழை மகனின் அட்டையில் ஒட்டவைப்பது முறையன்று. அதுபோலவே, பெயர் நீக்கும் பேச்சை எடுத்தவுடன் முதியவர் மனம் புண்படக்கூடும். “என்னை வீட்டைவிட்டு நீக்குகிறார்களா?” என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமையன்று, வாழ்நாள் முழுதும் ஒரு வீட்டின் பெயரில் நின்றவர்க்கு அப்பெயர் தாளன்று, மானம். ஆகவே மக்கள் இருவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசிய பின்னரே விண்ணப்பம் எழுத வேண்டும். இப்பணியில் ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்துப் பெரியவர்களும் செய்யக்கூடியதை மாணவர் செய்ய இயலாது.

தனித்து வாழும் முதியோர் நிலை வேறு. தனிச் சமையல் உடையவர் தனிக் குடும்ப அட்டை பெறலாம். ஒருவரே உறுப்பினரான அட்டையும் அட்டையே. இதற்குரிய அலுவலர் வட்ட வழங்கல் அலுவலர்; வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அவரைக் காணலாம். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்கென வழக்கமாக மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் குறைதீர் முகாம் நடைபெறுகிறது. வகுப்பில்லாத நாளாகையால் மாணவர்க்கும் அது உகந்ததே.

எந்த அட்டையிலும் பெயர் இல்லாத முதியோரும் உளர். மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் இடையே மாறி மாறிச் செல்பவர்கள் அவர்கள். அவர்களைத் தேடிக் காண்பதே முதற்பணி. ஏனெனில் அவர்கள் தாமாக எந்த முகாமுக்கும் வருவதில்லை.

பெயரும் பிறந்த நாளும் கைரேகையும்

அடுத்த முடிச்சு பெயரில் விழுகிறது. குடும்ப அட்டையில் பாவாயி, ஆதாரில் பாவாயம்மாள். ஒன்றில் மாரியாயி, மற்றொன்றில் மாரியம்மாள். முஸ்லிம் குடும்பங்களில் இது இன்னும் மிகுதி. பாத்திமா பீவி, பாத்திமா பீ, பாத்திமா பேகம் என ஒரே பாட்டியம்மா மூன்று தாள்களில் மூன்று பெண்களாக நிற்பார். காதர் பாட்சா என்றும் காதர் பாஷா என்றும் அப்துல் காதர் என்றும் ஒருவரே எழுதப்படுவார். தமிழில் ஓர் எழுத்து, ஆங்கிலத்தில் வேறோர் எழுத்து. கணினிக்கு இரக்கம் இல்லை. எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டார் என்றே அது கொள்ளும். தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு சொல்லின் பாட வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி உண்டு. ஏட்டுச் சுவடிக்குச் செய்வதை ஒரு பாட்டியின் மூன்று தாள்களுக்கும் செய்து பார்க்கலாம். எந்தத் தாளைத் திருத்துவது எளிது என்று முன்னரே தெளிந்து, ஒன்றை நிலையாகக் கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்த வேண்டும்.

பிறந்த நாள் அதனினும் சிக்கல். நம் பாட்டன்மார் பஞ்சம் வந்த ஆண்டையும் அணை கட்டிய ஆண்டையும் கொண்டு வயது சொன்னவர்கள். மேட்டூர் அணை திறந்த 1934-ஐ அடையாளமாகச் சொல்லும் குடும்பங்கள் நம் பகுதியில் இன்றும் உண்டு. ஆதார் எடுத்த அன்று எழுத்தர் குத்துமதிப்பாக ஓர் ஆண்டை எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டது. 72 வயதினர் 64 ஆகிவிடுகிறார். ஆதாரில் பிறந்த நாளைத் திருத்த ஒரு முறையே வாய்ப்பு என்பது பொது விதி. ஆதலின் சரியான சான்று கையில் இல்லாமல் அவசரப்பட்டுத் திருத்தப் போகலாகாது.

கைரேகை தேய்ந்துபோதல் மூன்றாவது. ஐம்பது ஆண்டு நூலிழையும் மண்வெட்டியும் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கருவி ஏற்கவில்லை என்றால் அது முதியவரின் குற்றமன்று. கருவிழிப் பதிவு என்னும் மாற்று வழி உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இன்று யாரிடம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். மணமாகிச் சென்ற பேத்தியின் பழைய எண்ணாக அது இருந்தால், சரிபார்ப்பு எண் வேறெங்கோ போய் விழும்.

அட்டை பெறும் வழி

தாள்கள் ஒழுங்கானபின் எஞ்சிய வழி குறுகியது. கிராம நிர்வாக அலுவலரிடமோ உரிய வருவாய்த்துறை அலுவலரிடமோ குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாது என்பதற்குச் சான்று பெற வேண்டும். அதனோடு குடும்ப அட்டை, குடும்பத்தினர் ஆதார் ஆகியவற்றைக் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். அங்கே ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்வர். அட்டைக்குக் கட்டணம் இல்லை. “இருநூறு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்று வாசலில் நிற்பவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்க.

நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். ஆகவே இராசிபுரத்தாரும் திருச்செங்கோட்டாரும் பதிவுக்கு நாமக்கல் செல்ல வேண்டும். தலைவாசலாரும் எடப்பாடியாரும் சேலம் வர வேண்டும். இது பதிவுக்கு மட்டுமே. அட்டை கைக்கு வந்தபின், மாநிலத்தில் இத்திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் அது செல்லும். நாமக்கல் அட்டையோடு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லத் தடையில்லை. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பெற்ற நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியால் அவ்வூர் மக்களின் அலைச்சலும் ஓரளவு குறைந்துள்ளது.

தம்மம்பட்டியிலிருந்து ஒரு முதியவர் சேலம் ஆட்சியர் அலுவலகம் வந்து திரும்ப ஒரு நாள் ஆகும். உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் போகும். பேருந்தில் கூட்டம், காலில் வீக்கம், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை. முதியோர் வராமைக்கு இவையே உண்மைக் காரணங்கள், அறியாமை அன்று. அதனால் ஊருக்கு வரும் முகாம்கள் மிகப் பயனுள்ளவை. 2025 ஆகஸ்டு 2 அன்று தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ மருத்துவ முகாம்களிலும் காப்பீட்டு அட்டைக்கான பதிவு இடம்பெற்றது. இத்தகைய முகாம் அறிவிக்கப்படும் நாளில் தாள்கள் முன்னரே ஒழுங்காக இருந்தவர் பயன் பெறுவர். ஏனையோர் வரிசையில் நின்று திரும்புவர்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அட்டையை நோய் வருமுன் பெற வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் தந்தை கிடக்க, மகன் வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடும் காட்சியை நம் ஊர்களில் கண்டவர் பலர். அவ்வேளையிலும் அட்டை பெற முடியும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஓட்டத்தின் இடையே வட்டிக்குக் கடன் வாங்கப்பட்டுவிடுகிறது. கடன் வாங்கியபின் அட்டை வந்து என்ன?

மருத்துவமனையில் நடப்பது

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கெனத் தனி மேசையும் அதற்கோர் அலுவலரும் உண்டு. முதியவரைச் சேர்க்கும்போதே அங்கு அட்டையைக் காட்டிவிட வேண்டும். பணம் செலுத்திய பின்னர்க் காட்டுவது பயன்தராது. மருத்துவர் நோயைக் கண்டறிந்து, பட்டியலில் உள்ள எந்தச் சிகிச்சை என்பதைக் குறித்து, பரிசோதனை முடிவுகளோடு முன் அனுமதி கேட்டு அனுப்புவர். அனுமதி வந்தபின் மருத்துவம் தொடங்கும். அவசர நிலையில் தொலைபேசி வழி அனுமதி பெற ஏற்பாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட தொகுப்பில் படுக்கை, அறுவை, மயக்க மருந்து, மருந்துகள், பரிசோதனை, உணவு ஆகியன அடங்கும். அதற்குமேல் கேட்பதற்கு மருத்துவமனைக்கு உரிமை இல்லை. “இது காப்பீட்டில் வராது, நீங்கள் கட்டுங்கள்” என்று ஏதேனும் ஒரு தொகை கேட்கப்பட்டால் எதற்காக என்று எழுத்தில் பெறுக. கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993 இத்தகைய ஐயங்களுக்கே உள்ளது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர்க் குழுவும் உண்டு. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு அளிக்கலாம்.

சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. இதைத் தாழ்வாகக் கருத வேண்டா. அரசு மருத்துவமனை காப்பீட்டின்கீழ்ச் செய்யும் சிகிச்சைக்கும் தொகை வருகிறது. அத்தொகை அம்மருத்துவமனையின் கருவிகளுக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுகிறது. அரசு மருத்துவமனை எப்படியும் இலவசந்தானே, அங்கு அட்டை எதற்கு என்று கேட்பவர்க்கு இதுவே மறுமொழி.

முதியோர்க்கு வரிசையில் நிற்பது பெருந்துன்பம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 20ஆம் பிரிவு மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை அமைக்கக் கூறுகிறது. அச்சட்டத்தின் பெயரைப் பணிவோடு நினைவூட்டினால் பல இடங்களில் வழி பிறக்கும்.

அட்டை செய்யாதவை

திட்டத்தைப் புகழ்ந்து அதன் எல்லையைச் சொல்லாமல் விடுவது ஏமாற்றத்துக்கு வழிவகுக்கும். சாதாரணக் காய்ச்சலுக்குப் புறநோயாளியாக ஒரு தனியார் மருத்துவரைக் கண்டு திரும்பும் செலவை அட்டை தராது. அன்றாட இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஆகியவற்றையும் தராது. முதியோர் செலவில் பெரும்பங்கு இவ்வன்றாடச் செலவே என்பதை வீட்டில் ஒரு முதியவரை உடையவர் அறிவர். இதற்கு வேறு வழி உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அட்டையை எடுக்க வேண்டிய நாளும் தள்ளிப்போகும்.

நூற்பாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருந்து ஓய்வு பெற்றவர்க்கு மற்றுமொரு கதவு உண்டு. பலர் அதை மறந்துவிட்டனர். ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவர்க்கும் அம்மருத்துவ வசதியைத் தொடரலாம். பழைய இ.எஸ்.ஐ. எண் எழுதிய அட்டை பெட்டியடியில் கிடக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வீண் வேலையன்று.

மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று 70 வயது நிரம்பிய அனைவர்க்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் காப்பளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு அளிக்கப்படும் அட்டையின் பெயர் ஆயுஷ்மான் வய வந்தனா. அதற்கு வயதே தகுதி; வயதுக்கு ஆதாரே சான்று. ஆதாரில் வயது குறைத்து எழுதப்பட்ட முதியவர் இங்கே தகுதியிழப்பார். பிறந்த நாள் குறித்து நாம் முன்னர்ச் சொன்னது இதனால்தான்.

மாணவர் என்ன செய்யலாம்?

முதியோர்க்குத் திட்டம் இருந்தும் அது சென்று சேராமை நமக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோர்க்கான மெடிகேர் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று கையொப்பமிட்டார். முதல் அட்டையை, முன்னாள் குடியரசுத் தலைவரும் அன்று 81 வயதினருமாகிய ட்ரூமனுக்கு அவருடைய ஊருக்கே சென்று கொடுத்தார். பெரியவர் வீட்டுக்கு அட்டை தேடிச் சென்றது. ஏழை முதியவர் வீட்டுக்கு யார் செல்வது? அதற்காக அந்நாட்டரசு 1966-இல் ஓர் இயக்கம் நடத்தியது. அதில் வீடு வீடாகச் சென்று விளக்கியவர்கள் அலுவலர்கள் அல்லர். அதே தெருக்களில் வாழ்ந்த ஏழை முதியவர்களையே கூலிக்கு அமர்த்தி அனுப்பினர். தம்மைப் போன்ற ஒருவர் வந்து சொன்னால் கதவு திறக்கும் என்ற எளிய அறிவு அது. பின்னாளில் 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கட்டணமின்றி ஆலோசனை கூறும் அமைப்பும் அங்கே மாநிலந்தோறும் ஏற்பட்டது.

நம்மிடம் அத்தகைய அமைப்பு இல்லை. ஆனால் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிதோறும் உள்ளது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் முடிக்க வேண்டும். அந்த ஏழு நாளில் ஒரு நாளையாவது, கோவில் மதிலுக்கு வெள்ளையடிப்பதை விட்டு, அவ்வூர் முதியோர் தாள்களைப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம் என்பது நம் வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதியவர் பெயர், யாருடைய குடும்ப அட்டையில் உள்ளார், ஆதாரில் பெயரும் வயதும் எப்படி உள்ளன, கைப்பேசி எண் யாருடையது, காப்பீட்டு அட்டை உண்டா என்பவற்றை வீட்டார் இசைவோடு மட்டுமே எழுத வேண்டும். ஆதார் எண்ணை நோட்டில் எழுதுதல் கூடாது. அது அவர்தம் உடைமை. அந்த ஏட்டை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கிராம நிர்வாக அலுவலரைக் கண்டால் பத்துப் பேர் வேலை ஒரே நடையில் முடியும். அமெரிக்கர் செய்ததுபோல் அவ்வூரிலேயே அட்டை பெற்றுச் சிகிச்சையும் பெற்ற முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது மேலும் நன்று. நம் சொல்லைக் காட்டிலும் அவர் மார்பில் உள்ள தையல் வடு தெளிவாகப் பேசும்.

அட்டை வந்தபின் அதைச் சேலைக்கட்டின் அடியில் பூட்டி வைப்பது நம் வீட்டு வழக்கம். பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கதவின் உட்புறம், 108 என்ற ஆம்புலன்சு எண்ணின் அருகே ஒட்டி வைக்கச் சொல்க. நள்ளிரவில் எழுந்து ஓடும் மருமகளுக்கு அது கண்ணில் படும். குடும்பத் தலைவர் மறைந்தாலோ, வீடு மாறினாலோ, குடும்ப அட்டை புதிதாக எடுத்தாலோ காப்பீட்டுப் பதிவையும் உடனே சரிபார்க்க வேண்டும். ஒரு துக்க வீட்டில் நாற்பது நாள் கழித்துச் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க.